வேலை போனது, பிரசவம் செப்டம்பரில்: கோப்ராவில் யார் யார் சேர வேண்டும்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் 140 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் எச்-1பி வேலை விசாவில் இருந்தவர். 2026 ஜூன் 12-ஆம் தேதி, வேலைத்திறன் போதவில்லை என்று காரணம் எழுதி அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு ஜூன் 30-உடன் நின்றது. வாசகிக்கு இப்போது 29 வாரம். கர்ப்பகால சர்க்கரை இருக்கிறது. செப்டம்பர் கடைசி வாரத்தில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். 6 வயது மகனுக்கு ஆஸ்துமா. ஜூலை 2-ஆம் தேதி எடுத்த ஸ்கேனுக்குக் காப்பீடு இல்லை என்று 640 டாலர் பில் வந்துவிட்டது.

கோப்ரா என்பது வேலை போன பிறகும் அதே நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் உரிமை. அதற்கான நோட்டீஸ் ஜூலை 8 தேதியிட்டு வந்திருக்கிறது. தனிநபருக்கு மாதம் 780 டாலர், ஒரு பெரியவரும் குழந்தைகளும் என்றால் 1,420, முழுக் குடும்பத்துக்கு 2,340. இதுவரை கணவரின் சம்பளத்தில் 410 டாலர்தான் பிடித்தார்களாம். "திறமைக்குறைவு என்று நீக்கினால் கோப்ரா கிடையாது" என்கிறார் ஒரு நண்பர். "105 நாள் பணமே கட்டாமல் இருங்கள், ஏதாவது நடந்தால் பின்தேதியிட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார் இன்னொருவர். கோப்ரா எடுத்தால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்று கணவருக்குப் பயம். பிரசவத்துக்கு வரும் அம்மாவையும் இதில் சேர்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

நோட்டீஸின் பிரதியையும் பழைய திட்டத்தின் விவரத்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாள்களிலேயே பதில் இருக்கிறது.

முதல் நண்பர் சொன்னது தவறு. கோப்ரா உரிமை போவது கடும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் மட்டும்தான். திருட்டு, அடிதடி போன்றவை அந்தக் கணக்கில் வரும். எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்பது வராது. தானே ராஜினாமா செய்தவருக்கும் இந்த உரிமை உண்டு. நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் இருப்பதால் 1986-இல் வந்த அந்தக் கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்கு நேராகப் பொருந்தும். நோட்டீஸே வந்துவிட்டதால் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

விசாவுக்கும் கோப்ராவுக்கும் தொடர்பில்லை. வேலை போன எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். உங்கள் கணவருக்கு அது ஆகஸ்ட் 11-ஆம் தேதி முடிகிறது. அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது அவர் வேறு நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கவலை நிஜமானது, அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். கோப்ராவோ நீங்கள் முழுப் பணம் கட்டி வாங்கும் தனியார் காப்பீடு. அரசு உதவி என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

410 எப்படி 2,340 ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ளை போலத் தெரிவது நியாயம்தான். ஆனால் விலை ஏறவில்லை, இதுவரை கண்ணில் படாத பகுதி இப்போது பட்டிருக்கிறது. திட்டத்தின் முழு விலை மாதம் சுமார் 2,294 டாலர். அதில் 410 போக மீதியை நிறுவனம் கட்டிவந்தது. கோப்ராவில் முழு விலையையும், நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதத்தையும் சேர்த்து 102 சதவீதம் வரை கேட்கலாம். சந்தேகம் இருந்தால் கணவரின் டபிள்யூ-2 என்ற வருடாந்திரச் சம்பளப் படிவத்தில் 12-ஆம் கட்டத்தில் டிடி என்ற குறிக்கு எதிரே உள்ள தொகையைப் பாருங்கள். அது போன ஆண்டுக்கான மொத்த விலை. 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இதே எண் வரும்.

105 நாள் யோசனை

இரண்டாவது நண்பர் சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். நோட்டீஸ் தேதி, காப்பீடு நின்ற தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாள் முடிவெடுக்கலாம். முடிவைத் தெரிவித்த பிறகு முதல் பணம் கட்ட 45 நாள். எப்போது கட்டினாலும் காப்பீடு ஜூலை 1-லிருந்தே அறுபடாமல் தொடர்ந்ததாகக் கணக்கு. உங்கள் தேதிகளைப் போட்டுப் பார்த்தால், தேர்வுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 6. அன்று படிவம் அனுப்பினால் பணத்துக்கு அக்டோபர் 21 வரை நேரம்.

இந்த உத்தி ஆரோக்கியமாக இருக்கும் உங்கள் கணவருக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. பிரசவம் செப்டம்பர் கடைசியில். தேர்வு தேதி அதற்கு முன்பே முடிகிறது. ஆக, எப்படியும் நீங்கள் எடுக்கத்தான் போகிறீர்கள், எடுத்தால் ஜூலையிலிருந்து கட்டத்தான் வேண்டும். தள்ளிப்போடுவதால் ஒரு டாலரும் மிச்சமாகாது. தொல்லை மட்டும் கூடும். மருந்துக்கடைக் கணினியில் காப்பீடு செல்லாது என்று காட்டும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு அங்கேயே முழு விலை கேட்பார்கள். மருத்துவமனை பிரசவ முன்பதிவுக்குச் செல்லுபடியாகும் அட்டை கேட்கும். முன் அனுமதி தேவைப்படும் சிகிச்சைக்கு அனுமதி வராது. சட்டப்படி எல்லாம் பிறகு நேராகிவிடும் என்பது உண்மை. நேராக்க 32-ஆவது வாரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியவர் நீங்கள்.

இந்த யோசனையில் இன்னொரு குழியும் இருக்கிறது. காப்பீடு போன காரணத்துக்காக, மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கெட் கவர்டு நியூ ஜெர்சியில் சேர உங்களுக்கு உள்ள 60 நாள், நோட்டீஸிலிருந்து எண்ணப்படுவதில்லை. காப்பீடு நின்ற ஜூன் 30-லிருந்து எண்ண வேண்டும். அது ஆகஸ்ட் 29-ஆம் தேதியே முடிகிறது, கோப்ராவின் கெடுவுக்கு 8 நாள் முன்பாக. 105 நாள் கணக்கை நம்பி இருப்பவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த 8 நாளில்தான்.

குடும்பமே சேர வேண்டும் என்று விதி இல்லை

கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் அதிகப் பணம் மிச்சமாகும் இடம் இது. கணவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்றும், போட்டால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் 30 அன்று திட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேர்வு உரிமை உண்டு. கணவர் சேராமலே நீங்கள் சேரலாம். உங்கள் படிவத்தில் நீங்களே கையெழுத்திடலாம், மகனுக்காகவும் இடலாம்.

நீங்கள் மட்டும் சேர்ந்தால் மாதம் 780. ஆனால் குழந்தை பிறந்து சேர்த்ததும் 1,420 என்ற கட்டத்துக்குப் போய்விடுவீர்கள். செப்டம்பர் மாதத்திலிருந்தே அப்படி என்று வைத்தால் டிசம்பர் வரை 7,240 டாலர். மகனுக்கு வேறு இடத்தில் காப்பீடு தேட வேண்டும். நீங்களும் மகனும் ஜூலையிலிருந்தே 1,420 கட்டத்தில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு 8,520. நோட்டீஸில் அந்தக் கட்டம் "குழந்தைகள்" என்று பன்மையில் இருப்பதால், புதுக் குழந்தை வந்தாலும் தொகை ஏறாது. வித்தியாசம் 1,280 டாலர், அதற்கு ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதே மருத்துவர், அதே இன்ஹேலர். முழுக் குடும்பமும் என்றால் 14,040. நடுவழியைத்தான் நான் எடுப்பேன்.

இதை டிடக்டிபிளோடு, அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகையோடு, சேர்த்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய கணக்குப்படி உங்கள் பெயரிலுள்ள 1,500 டாலர் டிடக்டிபிள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆண்டுக்கு உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சத்தொகை 4,000, அதில் 2,600 கட்டியாகிவிட்டது. கோப்ரா என்பது அதே திட்டத்தின் தொடர்ச்சி, அதனால் இந்தக் கணக்கு அழியாது. காப்பீட்டின் நெட்வொர்க்குக்குள், அதாவது அதன் ஒப்பந்தப் பட்டியலில், இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் ஆனால், சிசேரியனே ஆனாலும், காப்பீட்டுக்கு உட்பட்ட செலவில் உங்கள் பங்கு இன்னும் 1,400 டாலருக்கு மேல் போகாது. ஆகஸ்டில் புதுத் திட்டம் வாங்கினால் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும். சந்தைத் திட்டங்களுக்கு 2026-இல் அனுமதிக்கப்பட்ட உச்சத்தொகை தனிநபருக்கு 10,600 டாலர். பிரீமியம் மலிவு என்று மாறி, பிரசவ பில்லில் அதை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க நேரலாம். உங்கள் மருத்துவர் அந்தத் திட்டத்தில் இல்லாமலும் போகலாம்.

ஒரு நுணுக்கம். டிடக்டிபிளைக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எண்ணும் திட்டங்களில், கோப்ராவில் சேர்பவர்கள் செய்த செலவை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்பது விதி. கணவர் சேராவிட்டால் அவருடைய சிகிச்சைக்கும் எக்ஸ்ரேவுக்கும் கட்டியவை குடும்பக் கணக்கிலிருந்து கழியலாம். உங்கள் சொந்தக் கணக்குக்கு இதனால் பாதிப்பில்லை. பிறக்கும் குழந்தைக்குத் தனி டிடக்டிபிள் தொடங்கும் என்பதையும் செலவுக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு என்ன செய்வது

அவர் காத்திருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் அவருக்கு விபத்தோ அப்பெண்டிக்ஸோ வந்தால், செப்டம்பர் 6-க்குள் கோப்ரா எடுத்து ஜூலை 1-லிருந்து கட்டிவிடலாம். ஒன்றும் நடக்காவிட்டால் ஆகஸ்ட் 29-க்குள் சந்தையில் தனக்கு மட்டும் ஒரு திட்டம் தேர்ந்தெடுத்தால் செப்டம்பர் 1-லிருந்து அது ஓடும். 29 சனிக்கிழமை, ஆகவே 20-ஆம் தேதி வாக்கிலேயே முடித்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் காப்பீடு இல்லாதவர்களுக்கு மாநில வரியில் அபராதம் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த இடைவெளிக்கு விலக்கு இருப்பதால் இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. படிவத்தில் "எனக்கு வேண்டாம்" என்ற கட்டத்தில் அவர் டிக் போடக் கூடாது. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கெடுவுக்குள் மனம் மாறினால் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் மனம் மாறிய நாளிலிருந்துதான் காப்பீடு தர வேண்டிய கட்டாயம். பின்தேதி போய்விடும். பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

சந்தையில் பிரீமியம் சலுகை கிடைக்குமா என்பது ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் ஜூன் வரை வாங்கிய சம்பளமும் அதில் சேரும். கோப்ராவில் இருக்கும் மாதங்களுக்கு அந்த நபருக்குச் சலுகை கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் எச்-1பிக்காரர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாரான எச்-4 விசாக்காரர்களுக்கும் இந்தச் சலுகையே நின்றுவிடுகிறது. முழு விலைக்கு வாங்கத் தடையில்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்தை நவம்பரில் பார்க்கும்போது இந்த ஆண்டு விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நியூ ஜெர்சி ஃபேமிலிகேர் என்ற மாநிலத் திட்டம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அப்போதைய மாத வருமானத்தைப் பார்த்துச் சேர்க்கிறது. பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் உங்கள் மருத்துவர் அதை ஏற்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. தேர்வுப் படிவத்தில் உங்கள் பெயரும் மகன் பெயரும் மட்டும் எழுதி நீங்கள் கையெழுத்திடுங்கள். பல், கண் காப்பீடுகள் உங்கள் நோட்டீஸில் தனி வரியாக இருக்கின்றன, தேவையில்லாவிட்டால் விட்டுவிடலாம். இணையத்தில் அனுப்பினால் உறுதிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். தபாலில் என்றால் சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய நாள்தான் கணக்கு, போய்ச் சேர்ந்த நாள் அல்ல.

2. ஜூலைக்கான 1,420-ஐப் படிவத்தோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். 45 நாள் அவகாசம் உண்டுதான், ஆனால் பணம் ஏறும் வரை காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் உங்கள் பெயர் உயிர்பெறாது. பணம் ஏறி அது மாற ஒன்றிரண்டு வாரம் ஆவது வழக்கம்.

3. கணவரின் முந்தைய நிறுவனத்தில் சேர்ந்த எச்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுக்கான வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் 3,200 டாலர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கோப்ரா பிரீமியத்தை அதிலிருந்து வரியில்லாமல் கட்டலாம். இரண்டு மாதத்துக்கும் மேல் தாங்கும். வேலையின்மை உதவித்தொகை வாங்காதவர் சந்தைத் திட்டத்தின் பிரீமியத்தை அதிலிருந்து அப்படிக் கட்ட முடியாது.

4. ஸ்கேன் பில்லைக் கட்டாதீர்கள். அந்த பில்லிங் அலுவலகத்தைக் கூப்பிட்டு, கோப்ரா ஜூலை 1-லிருந்து அமலாகிறது, 30 நாள் பில்லை நிறுத்திவைத்து மறுபடி காப்பீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் எழுதி வையுங்கள். மருந்துக்கடையில் இடையில் கட்டியதற்கெல்லாம் ரசீது இருந்தால் பிறகு திரும்பக் கேட்கலாம்.

இனி மாதாமாதம் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி பணம் கட்டும் நாள், அதற்குமேல் 30 நாள் சலுகை. பில் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "பில்லே வரலையே" என்று சொல்லி யாரும் தப்பியதில்லை. சலுகை நாள் தாண்டினால் காப்பீடு முறியும், மீட்பு கிடையாது. பணம் கட்டாமல் முறிந்ததற்காகச் சந்தையின் கதவும் திறக்காது. பிரசவம் நடக்கும் மாதம் இதற்கு ஆபத்தான மாதம், எனவே செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் முன்கூட்டியே கட்டுங்கள் அல்லது வங்கியில் தானியங்கியாக வையுங்கள். சில்லறை குறைந்தால் பயப்பட வேண்டாம். 50 டாலர் அல்லது தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதுவரையான குறை என்றால் கோப்ராவை நடத்தும் நிர்வாகி முழுத்தொகையாக ஏற்க வேண்டும், அல்லது உங்களுக்குச் சொல்லிக் கட்ட நேரம் தர வேண்டும்.

குழந்தை பிறந்ததும் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துச் சேர்க்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து இந்த 30 நாளைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. மருத்துவமனை தரும் பிறப்புக் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள், எண்ணைப் பிறகு கொடுக்கலாம். கணவர் கோப்ராவில் இல்லாதபோது நீங்கள் குழந்தையைச் சேர்க்கும் முறையையும், 1,420 ஏறாது என்பதையும் நிர்வாகியிடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். குழந்தை பிறப்பு சந்தையிலும் 60 நாள் புதுக் கதவு ஒன்றைத் திறக்கிறது, அது கையில் இருக்கட்டும்.

புது வேலை வந்தால்

புது நிறுவனம் காப்பீட்டுக்கு 90 நாள் வரை காக்கவைக்கலாம். அது பிரசவத்துக்கு முன்பே தொடங்கினாலும் உடனே தாவ வேண்டாம். கணவர் மட்டும் அங்கே சேரட்டும். நீங்களும் மகனும் தீர்ந்துபோன டிடக்டிபிளோடு கோப்ராவில் பிரசவத்தை முடியுங்கள். குழந்தை பிறந்த 30 நாளுக்குள் உங்களையும் குழந்தையையும் அவருடைய புதுத் திட்டத்தில் சேர்க்கும் சிறப்பு உரிமை வருகிறது. மூத்த மகனுக்கு அந்த உரிமை தானாக வராது. பல திட்டங்கள் சேர்த்துக்கொள்கின்றன, ஆனாலும் மனிதவளத் துறையிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள். புது அட்டை கைக்கு வந்து அது செல்லுபடியாகிறது என்று போனில் உறுதியான பிறகே கோப்ராவை மாதக்கடைசியில் நிறுத்துங்கள். எப்படியும் ஜனவரி 1-ஆம் தேதி டிடக்டிபிள் புதிதாகத் தொடங்கும். அதோடு கோப்ராவில் இருக்க உங்களுக்குள்ள பெரிய காரணம் முடிகிறது. 18 மாதம் வரை உரிமை இருந்தாலும், நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கும் சந்தையின் ஆண்டுப் பதிவுக் காலத்தில் வேறு திட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்ரா நிற்கும் கால் பழைய நிறுவனத்தின் திட்டம். அந்த நிறுவனம் மூடி, ஊழியர் யாருக்குமே குழுக் காப்பீடு இல்லை என்றாகிவிட்டால் கோப்ராவும் போய்விடும். ஆட்குறைப்பு தொடர்வதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பழைய சகாக்களோடு தொடர்பில் இருங்கள். அப்படிப் போனால் அது உங்கள் தவறில்லாத இழப்பு, சந்தையில் மறுபடி 60 நாள் கிடைக்கும்.

நிர்வாகி பதில் சொல்லாமல் இழுத்தால், அல்லது படிவம் வரவில்லை என்று சாதித்தால், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணம் இல்லை. அங்கிருந்து ஒரு ஆலோசகர் நிர்வாகியைக் கூப்பிட்டுக் கேட்டாலே பல கோப்புகள் நகர்ந்துவிடும்.

அம்மாவைக் கோப்ராவில் சேர்க்க முடியாது. ஜூன் 30 அன்று திட்டத்தில் இருந்தவர்களுக்கும் பிறகு பிறக்கும் குழந்தைக்கும்தான் அது. அவருக்குப் பயணிகளுக்கான வருகையாளர் காப்பீடு ஒன்றை ஊரிலிருந்து கிளம்பும் முன் வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதில் என்ன வரம்பு என்ற பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு வாங்குங்கள். மூன்று மாத மாத்திரையை மருந்துச் சீட்டோடு கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.